ரப்பர் குழாய்க்கும் வயது உண்டு!

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போகும் பெருஞ்சாலையில், கோடைக்காலத்தில் ஒரு காட்சியை அடிக்கடி காணலாம். சாலை ஓரத்தில் ஒரு பழைய பிக்கப் வண்டி நிற்கும். அதன் முகப்பிலிருந்து வெள்ளை வெளேரென்று ஆவி கிளம்பும். டிரைவர் ஒரு பிளாஸ்டிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்காக அங்கும் இங்கும் ஓடுவார். வண்டியின் முதுகில் இரும்புக் கம்பியோ, வார்ப்படச் சாமானோ, பழவேற்காட்டு மீனோ இருக்கும்.

பார்க்கிறவர்கள், "பாவம், இன்ஜின் சூடாகிவிட்டது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். இன்ஜின் எப்போதும் சூடாகத்தான் இருக்கும். பெரும்பாலும் அங்கே கெட்டுப்போயிருப்பது, அந்தச் சூட்டை வெளியே சுமந்து செல்லும் ரப்பர் குழாய். பட்டறையில் அதற்கு "ரேடியேட்டர் ஓஸ்" என்று பெயர். சில நூறு ரூபாய் விலையுள்ள சாமான்!

அந்த ஓஸை, வெடித்த பிறகு மாற்றுவதுதான் நம் பக்கத்து வழக்கம். இந்த வழக்கம் தவறு. வெடிப்பதற்கு முன்பே, வயதைக் கணக்குப் பார்த்து, வண்டியில் உள்ள எல்லா ஓஸ்களையும் ஒரே நாளில் மாற்றிவிட வேண்டும். அந்தச் செலவு வண்டியின் சொந்தக்காரரைச் சேர்ந்தது. அதை டிரைவர் தலையில் கட்டக் கூடாது. இதுதான் நமது அபிப்பிராயம். காரணங்களைச் சொல்லுகிறோம், வாசகர்களே தீர்ப்புச் சொல்லட்டும்.

மோட்டார் பிறந்த சீமை

சென்னையைச் சுற்றியுள்ள இந்த வட்டாரத்துக்கு மோட்டார்த் தொழில் புதிதல்ல. 1948-ல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில்தான் தொழிற்சாலை அமைத்தது. 1955-ல் அதுவே அசோக் லேலண்ட் ஆயிற்று. பாடியில் 1966-ல் தொடங்கிய சுந்தரம் பாஸ்டனர்ஸ் கம்பெனி, 1990-களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்கே ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பியது. இன்ஜினுக்குள் தண்ணீரைச் சுழல விடும் வாட்டர் பம்பு கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்திலேயே தயாராகிறது. தேர்வாய் கண்டிகையில் மிஷ்லின் கம்பெனி லாரி டயர் செய்கிறது.

பிக்கப் வண்டியும் இங்கே பிறந்ததுண்டு. ஜப்பானின் இசுசு கம்பெனி, ஸ்ரீசிட்டியில் 2016-ல் சொந்தத் தொழிற்சாலை திறக்கும் வரை, தன் பிக்கப் வண்டிகளைத் திருவள்ளூரில் உள்ள இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில்தான் பூட்டி வெளியே அனுப்பியது. அப்போது புதிதாக வெளியே வந்த வண்டிகளெல்லாம் இன்று பழைய வண்டிகள் ஆகிவிட்டன.

அமெரிக்காவுக்கே ரேடியேட்டர் மூடி அனுப்பிய வட்டாரம் இது. அந்த மூடிக்குக் கீழே இருக்கும் ஓஸைக் கவனிக்க இங்கே ஆள் இல்லையென்றால் அது வெட்கம் அல்லவா?

ஓஸ் செய்யும் வேலை என்ன?

இன்ஜினில் எரியும் டீசலின் சக்தி முழுவதும் சக்கரத்துக்குப் போய்ச் சேருவதில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சூடாக மாறி, இன்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீரில் இறங்குகிறது. அந்தச் சூட்டை வெளியேற்றாவிட்டால் சில நிமிஷங்களில் இன்ஜின் இறுகிப்போகும்.

மோட்டார் வண்டியின் ஆரம்ப காலத்தில் இது பெரிய தொல்லையாக இருந்தது. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் செய்த வண்டியை, 1888-ல் அவர் மனைவி பெர்த்தா பென்ஸ் தம் இரண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நெடுந்தூரம் ஓட்டிப் போனார். அந்த வண்டியில் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருந்தது. வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தித் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. பிறகு 1901-ல் வந்த மெர்ஸிடிஸ் வண்டிக்கு, வில்ஹெல்ம் மேபாக் என்ற நிபுணர் தேன்கூடு போன்ற ரேடியேட்டரைச் செய்து கொடுத்தார். அதில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட சின்னஞ்சிறு குழாய்கள் இருந்தன. ஒரே தண்ணீரைத் திரும்பத் திரும்பச் சுற்ற விட்டு ஆற வைக்க அது நன்றாக உதவியது.

இன்ஜினிலிருந்து கொதிக்கும் தண்ணீரை ரேடியேட்டருக்குக் கொண்டுபோவது மேல் ஓஸ். ஆறிய தண்ணீரைத் திரும்ப இன்ஜினுக்குக் கொண்டுவருவது கீழ் ஓஸ். இவை தவிர, பைபாஸ் ஓஸ், ஹீட்டர் ஓஸ் என்று சில சிறிய குழாய்களும் உண்டு. இவை மூலை முடுக்கில் ஒளிந்திருக்கும். அதனால் பலர் இவற்றை மறந்தே போகிறார்கள்.

இன்ஜின் ஓடும்போது குலுங்கும்; ரேடியேட்டரோ சட்டத்தில் கட்டிவைக்கப்பட்டது. இரண்டுக்கும் நடுவில் இரும்புக் குழாய் வைத்தால் முறிந்துபோகும். அதனால்தான் ரப்பர் வைத்தார்கள். குலுக்கல், கொதிப்பு, அழுத்தம் ஆகிய மூன்றையும் அந்த ரப்பரே தாங்க வேண்டும். ரேடியேட்டர் மூடி தண்ணீரை அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பதால், அது 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். அத்தனை சூடும் அழுத்தமும் இந்த ஓஸுக்குள்தான் அடைபட்டுக் கிடக்கின்றன.

வெளியே பளபளப்பு, உள்ளே விரிசல்!

"ஓஸ் நல்லாத்தானே இருக்கு அண்ணே! இன்னும் ஒரு வருஷம் ஓடும்" என்று வண்டிக்காரர் சொல்லுவார். வெளியே துடைத்துப் பார்த்தால் கறுப்பாகப் பளபளவென்று இருக்கும். அவர் சொல்லுவது சரி என்றே தோன்றும்.

ஆனால் ஓஸ் கெடுவது பெரும்பாலும் உள்ளேயிருந்துதான். இன்ஜினில் இரும்பும் அலுமினியமும் இருக்கின்றன. நடுவில் தண்ணீர் ஓடுகிறது. இவை சேர்ந்தால் ஒரு சிறிய பாட்டரி போல மின்சாரம் உண்டாகிறது. அந்த மின்சாரமும் சூடும் சேர்ந்து ரப்பரின் உட்புறத்தில் மயிரிழை போன்ற விரிசல்களை உண்டாக்குகின்றன. விரிசல் வழியாகத் தண்ணீர் கசிந்து, ரப்பருக்கு நடுவில் உள்ள நூல் பின்னலைப் போய்ச் சேருகிறது. நூல் நைந்துவிட்டால் ஓஸுக்குப் பலம் ஏது? ஒரு நாள் மேடு ஏறும்போது படாரென்று வெடிக்கிறது.

விரிசல் அதிகமாக விழுவது, கிளிப் பூட்டிய இடத்துக்கு அருகே. ஆகவே இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, கிளிப்புக்கு ஒட்டினாற்போல் ஓஸை இரண்டு விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். பிறகு நடுப்பகுதியையும் அழுத்திப் பார்க்க வேண்டும். நடுவில் கெட்டியாகவும் ஓரத்தில் தொளதொளவென்றும் இருந்தால், அதன் ஆயுள் முடிந்தது என்று பொருள். உப்பியிருந்தாலும், கல் போல இறுகியிருந்தாலும், கிளிப் ஓரத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தாலும் அதே தீர்ப்புத்தான்.

விரலுக்கும் தெரியாமல் கெடும் ஓஸ்கள் உண்டு. அதனால்தான் வயதைப் பார்க்கச் சொல்லுகிறோம். ஓஸ் செய்வதில் பேர்பெற்ற அமெரிக்கக் கம்பெனியான கேட்ஸ், நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை ஓஸை மாற்றிவிடும்படி சொல்லுகிறது. அது குளிர் நாட்டுக் கம்பெனி. கத்திரி வெயிலில் லோடு ஏற்றிக்கொண்டு, இரும்பு உருக்காலைத் தூசிக்கு நடுவில் ஓடும் வண்டிக்கு அதைவிடக் கூடுதல் காலம் கொடுக்கலாமா?

உப்புத் தண்ணீரின் விளையாட்டு

இந்த வட்டாரத்துக்கென்று இன்னொரு விசேஷமும் இருக்கிறது. அது தண்ணீர்.

மீஞ்சூர், பொன்னேரி பக்கம் நிலத்தடி நீரில் கடல் நீர் புகுந்துவிட்டது. இது நேற்று நடந்ததல்ல; 1960-களின் கடைசியிலேயே கண்டறியப்பட்ட விஷயம். சென்னை நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் மீஞ்சூர், பஞ்செட்டி பகுதிக் கிணறுகளிலிருந்து அளவுக்கு மிஞ்சித் தண்ணீர் இறைத்தார்கள். காலியான இடத்துக்குக் கடல் வந்து சேர்ந்தது. கடைசியில், அதே மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலையை 2010-ல் திறக்க வேண்டியதாயிற்று. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் ஆலை அது.

மனிதன் வாயில் வைக்க முடியாத அந்த உப்புத் தண்ணீரை, வண்டியின் வாயில் மட்டும் தாராளமாக ஊற்றுகிறோம்! வழியில் எந்தக் குழாய் கண்ணில் படுகிறதோ அந்தத் தண்ணீர்தான் ரேடியேட்டருக்கு. உப்பு, அலுமினியத்தை அரிக்கிறது. இரும்பில் துருவை உண்டாக்குகிறது. உப்பு கூடக் கூட, முன்னே சொன்ன 'பாட்டரி' வேலையும் சுறுசுறுப்பாக நடக்கிறது. சுண்ணாம்பு படிந்து ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள் அடைபடுகின்றன. இன்ஜின் மேலும் சூடாகிறது. புது ஓஸ் போட்டாலும் சீக்கிரமே கெடுகிறது.

ஆகவே ஓஸ் மாற்றும் நாளில் பழைய தண்ணீரையும் அடியோடு மாற்ற வேண்டும். வண்டிக் கம்பெனி சொன்ன கூலன்ட்டை, சொன்ன அளவில் ஊற்ற வேண்டும். தண்ணீர் கலக்க வேண்டிய கூலன்ட்டாக இருந்தால், பாட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீரைக் கலக்க வேண்டும். ஏற்கெனவே கலந்து விற்கும் கூலன்ட் என்றால் மேற்கொண்டு தண்ணீர் சேர்க்கக் கூடாது. பச்சை, சிவப்பு என்று நிறத்தைப் பார்த்து வாங்குவதும் சரியல்ல. நிறம் ஒன்றாக இருந்தாலும் சரக்கு வேறாக இருக்கும். இரண்டு வகைகளை ஒன்றாகக் கலக்கவே கூடாது.

இன்னொரு கெட்ட பழக்கத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். "இது வெயில் ஊர், தெர்மோஸ்டாட் எதற்கு?" என்று அந்த வால்வைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள் சிலர். இன்ஜின் சரியான சூட்டுக்கு வரும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுப்பது அதன் வேலை. அதைக் கழற்றினால் இன்ஜின் வேண்டிய சூட்டுக்கு வருவதற்கு வெகு நேரமாகும். டீசல் வீணாகும், தேய்மானம் கூடும். சூடாகும் வண்டிக்கு அது வைத்தியமும் ஆகாது. அடைத்த ரேடியேட்டரும் நைந்த ஓஸும் அப்படியேதான் இருக்கும்.

சுண்டைக்காய் கால் பணம்

"பழைய வண்டி. இன்னும் எத்தனை நாள் ஓடப்போகிறதோ? இதற்கு இவ்வளவு செலவா?" என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். ஒரே வண்டியை வைத்துக் கடன் கட்டிப் பிழைக்கிறவருக்கு ஒவ்வொரு ரூபாயும் பெரியது.

கணக்கைப் பார்ப்போம். ஓஸ்களும், கிளிப்புகளும், கூலன்ட்டும், ஒரு வேளைக் கூலியும் சேர்ந்து ஒரு செலவு. இதை நான்கு ஆண்டுக்குப் பங்கு போட்டால், ஒரு நாளைக்கு ஒரு டீ குடிக்கும் காசு கூட ஆகாது.

மாற்றாமல் விட்டால்? முதலில், வண்டியைக் கட்டி இழுக்கக் கூலி. லோடை வேறு வண்டிக்கு மாற்றக் கூலி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்! மீன் லோடாக இருந்தால் ஐஸ் கரைந்து சரக்கே போய்விடும். தண்ணீர் இல்லாமல் இன்னும் ஒரு மைல் ஓட்டிவிட்டால் ஹெட் வளையும், கேஸ்கட் எரியும். அப்போது இன்ஜினைப் பிரிக்க வேண்டும். ஆயிரக் கணக்கில் செலவு. நாள் கணக்கில் வேலை இல்லை.

மீட்டரைப் பார்த்து நிறுத்திவிடலாம் என்று நம்புவதும் ஆபத்து. சூட்டைக் காட்டும் மீட்டருக்குச் செய்தி சொல்லும் கருவி தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகச் சொல்லும். தண்ணீர் முழுவதும் கொட்டிவிட்டால், இன்ஜின் வேகும்போதும் முள் கீழே இறங்கக் கூடும்!

புது வண்டியின் ஓஸ் வெடிப்பது அபூர்வம். அதிகச் செலவு வைக்காமல் இன்னும் சில ஆண்டு ஓட வேண்டும் என்று எந்த வண்டியை வைத்துக்கொண்டிருக்கிறோமோ, அந்தப் பழைய வண்டிக்குத்தான் இந்தச் சிக்கனம் அவசியம்.

மாற்றுவதிலும் முறை உண்டு

ஓஸ் மாற்றுவது பெரிய வித்தை அல்ல. ஆனால் பொறுமை வேண்டும்.

இன்ஜின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். பழைய கூலன்ட்டை ஒரு பாத்திரத்தில் பிடிக்க வேண்டும். தரையில் விடக் கூடாது. அதில் எத்திலின் கிளைக்கால் என்ற விஷம் இருக்கிறது. இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிச் சாகும். குழந்தைகளுக்கும் ஆபத்து.

ஒட்டிக்கொண்ட பழைய ஓஸை ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பக் கூடாது. ரேடியேட்டரின் கழுத்து உடைந்துவிடும். கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்து எடுப்பதே நல்லது. கழுத்தில் படிந்த துருவையும் சுண்ணாம்பையும் உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும்.

புது ஓஸ் சுலபமாக ஏறட்டும் என்று கிரீஸ் தடவுகிறார்கள். இது கூடாது. இந்த ரப்பருக்கு எண்ணெயும் கிரீஸும் எமன். கொஞ்சம் கூலன்ட்டையே தடவினால் போதும். சில வண்டிகளில் கீழ் ஓஸுக்குள் கம்பிச் சுருள் ஒன்று இருக்கும். பம்பு உறிஞ்சும்போது ஓஸ் சப்பிப்போகாமல் காப்பது அதுதான். அதைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. வேறு வண்டியின் ஓஸை வெட்டி வளைத்துப் போடுவதும் தவறு. மடிந்த இடத்தில் தண்ணீர் நிற்கும்.

ஓஸை மாற்றும்போது கிளிப்பையும் மாற்ற வேண்டும். கழுத்தில் உள்ள மேட்டைத் தாண்டி ஓஸ் ஏறியிருக்க வேண்டும். அந்த மேட்டுக்கு உட்பக்கத்தில் கிளிப் உட்கார வேண்டும். ரப்பர் பிதுங்கும் அளவுக்கு முறுக்கக் கூடாது. கூலன்ட்டை மெதுவாக ஊற்றி, உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்ற வேண்டும். மறுநாள் காலையில், வண்டியைக் கிளப்பும் முன், மட்டத்தையும் கிளிப்புகளையும் இன்னொரு முறை பார்க்க வேண்டும். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் நைந்திருந்தால் மூடியையும் மாற்றிவிட வேண்டும்.

டிரைவர் கை வெந்தால் யார் பொறுப்பு?

இதுவரை பணத்தைப் பற்றிப் பேசினோம். பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது.

வண்டி ஆவி விட்டதும் டிரைவர் என்ன செய்கிறார்? நேரமாகிறதே, கம்பெனி கேட் மூடிவிடுவார்களே என்ற பயத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கிறார். மூடி திறந்த மாத்திரத்தில் அழுத்தம் குறைகிறது. 100 டிகிரிக்கு மேல் அடங்கிக் கிடந்த தண்ணீர் ஒரே நொடியில் பொங்கி, முகத்திலும் மார்பிலும் கையிலும் அடிக்கிறது. ஸ்டீயரிங் பிடிக்கும் கை அது. அந்தக் கை வெந்தால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

இன்ஜினை நிறுத்தி, அரை மணி நேரமாவது ஆற விட வேண்டும். மேல் ஓஸைத் தொடும் அளவுக்கு ஆறாமல் மூடியைத் தொடவே கூடாது. கொதிக்கும் இன்ஜினுக்குள் பச்சைத் தண்ணீரை ஊற்றவும் கூடாது, வார்ப்பு வெடித்துவிடும். யார் மீதாவது வெந்நீர் பட்டுவிட்டால், குழாய்த் தண்ணீரை 20 நிமிஷம் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மை, பற்பசை, நெய் எதுவும் தடவ வேண்டாம். 108-க்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இதெல்லாம் டிரைவர்களுக்குத் தெரியாதா? அநேகருக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் திறக்கிறார்கள்? தாமதத்துக்குப் பேட்டாவில் பிடித்தம். ஓஸ் வெடித்தால் "நீ பார்க்காமல் விட்டாய்" என்று சம்பளத்தில் பிடித்தம். இப்படிப் பிடிக்கும் முதலாளிகள் இருக்கிறார்கள். நான்கு ஆண்டாக மாற்றாத ஓஸ் வெடித்ததற்கு நேற்று ஓட்டியவர் எப்படிப் பொறுப்பாவார்? தண்ணீர் மட்டத்தைக் காலையில் பார்ப்பது டிரைவரின் கடமை. ஓஸ் வாங்கிக் கொடுப்பது முதலாளியின் கடமை. "ஓஸ் தொளதொளவென்று இருக்கிறது முதலாளி" என்று டிரைவர் சொன்னால், "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று சொல்லாமல் அன்றைக்கே பட்டறைக்கு அனுப்புவதுதான் நியாயம்.

சாலையில் போகும் மற்றவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. இரவில் விளக்கில்லாமல் நடுவழியில் நின்றுவிட்ட வண்டியின் பின்னால் இன்னொரு வண்டி மோதினால், ஓஸைப் பற்றிக் கேள்விப்படாத குடும்பம் கூட அழ வேண்டியிருக்கும்.

ஒரு யோசனை

சரக்கு வண்டிகள் எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதற்குப் பிறகு ஆண்டுதோறும் எப்.சி. வாங்க வேண்டும் என்பது சட்டம். அதற்காக வண்டியைப் பட்டறையில் விட்டு, வர்ணம் பூசி, விளக்கைச் சரிசெய்து, பொட்டு வைத்து, மாலை போட்டுக் கொண்டுபோகிறோம். எப்படியும் வண்டி நிற்கிற நாள்கள்தான் அவை. அப்போதே எல்லா ஓஸ்களையும் அழுத்திப் பார்க்கட்டும். வயது நான்கைத் தொட்டிருந்தால், பேரம் பேசாமல் அத்தனையும் மாற்றட்டும். மாற்றிய மாதத்தையும் ஆண்டையும் வர்ணத்தால் ரேடியேட்டர் சட்டத்தில் எழுதி வைக்கட்டும். வண்டி கை மாறினாலும் அடுத்தவருக்கு அது உதவும்.

பட்டறை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வெடித்த ஒரு ஓஸை மட்டும் மாற்றி அனுப்புவது அன்றைய பிழைப்புக்குப் போதும். ஆனால் ஒரே வயதுள்ள மற்ற ஓஸ்களும் அதே நிலையில்தான் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அதை வண்டிக்காரருக்கு எடுத்துச் சொல்லுங்கள். கழற்றிய ஓஸை நீளவாக்கில் வெட்டி, உள்ளே உள்ள விரிசலைக் காட்டுங்கள். கண்ணால் கண்டவர் மறு பேச்சுப் பேசமாட்டார்.

கோடை வருவதற்கு முன்னால், மாசி மாதத்திலேயே இந்த வேலையை முடித்துக்கொள்வது உத்தமம். உங்கள் வண்டியின் ஓஸ்களை எந்த ஆண்டு மாற்றினீர்கள் என்று நினைவு இருக்கிறதா? இல்லையென்றால், மாற்ற வேண்டிய நாள் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.